மெய்ன் லெனர்ட்ஸ் மில்ஸ் மரவெட்டிக் குடியிருப்பு: அக்டோபரில் குழந்தைகளோடு போகலாமா?

நாஷுவா மலர்

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் லாங் வீக்கெண்டில் அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். பாங்கர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், பக்கத்தில் பிராட்லி என்ற ஊரில் இருக்கும் மரவெட்டு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாமா என்று யோசனை. மகனின் வகுப்பில் யாரோ போய்விட்டு வந்து சொன்னதிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. 1790களில் அந்தக் காட்டுக்குள் மரம் வெட்டவும் அறுக்கவும் வந்தவர்களின் குடியிருப்பை மறுபடி கட்டி, அந்தக் கால உடையில் ஆட்கள் வேலை செய்து காட்டுவார்களாம்.

எனக்குள்ள சந்தேகம் இதுதான். போன வருடம் வேறொரு பழங்கால கிராமத்துக்குப் போனோம் (பெயர் வேண்டாம்). எல்லா வீட்டிலும் குறுக்கே கயிறு கட்டி வைத்திருந்தார்கள், உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ராட்டை, சுவரில் ஒரு அறிவிப்பு. மகள் அரை மணி நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள். இதுவும் அப்படித்தான் என்றால் நேராக அகேடியா பக்கத்து ஊரான பார் ஹார்பருக்கே போய்விடுவோம். அங்கே உண்மையிலேயே ஏதாவது ஓடுகிறதா? மாமியாருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். நாங்கள் சைவம், சாப்பாடு எப்படி என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பாங்கர் செந்தில்

மலர் அக்கா, கண்டிப்பாகப் போங்கள், ஆனால் நாள் பார்த்துப் போங்கள். அந்த இடத்துக்கு இரண்டு முகம் உண்டு. சாதாரண நாளில் போனால் காட்டுக்குள் சில மரக் கட்டடங்கள், ஒரு ஓடை, நல்ல அமைதி, அவ்வளவுதான். 'லிவிங் ஹிஸ்டரி டேஸ்' என்று ஜூலையிலும் அக்டோபரிலும் நடத்துகிறார்கள், அன்றைக்குப் போனால் முழு ஊரும் வேலை செய்துகொண்டிருக்கும். உங்கள் பயணத் தேதியோடு பொருந்துகிறதா என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் திட்டம் போடுங்கள். நான் பாங்கரில் இருப்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த நாட்களில் அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

என்ன ஓடுகிறது என்று கேட்டீர்களே, முதலில் தண்ணீரில் ஓடும் மர அறுவை மில். பிளாக்மன் ஓடையை மறித்துக் குளம் மாதிரி தேக்கியிருக்கிறார்கள், மதகைத் திறந்ததும் தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்றும், சக்கரத்தின் அச்சிலிருந்து ஒரு தண்டு மேலே போய் ஜன்னல் சட்டம் போன்ற ஒரு மரச் சட்டத்தை மேலும் கீழும் இழுக்கும். ரம்பம் அந்தச் சட்டத்துக்குள் நேராக நிற்கிறது. நாம் எல்லோரும் வட்ட ரம்பத்தைப் பார்த்துப் பழகியவர்கள், இது அப்படி இல்லை. ஒவ்வொரு முறை ரம்பம் இறங்கும்போதும் கட்டை ஒரு பல் அளவு முன்னால் நகரும், மறுபடி ரம்பம் ஏறும், இறங்கும். ஒரு பலகை முழுசாக அறுந்து விழ நேரமாகும், மகனுக்குப் பொறுமை இருந்தால் அதை முழுசாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டடமே அதிரும், காலுக்கடியில் தெரியும். அறுந்த பலகையைத் தடவிப் பார்த்தால் நேர்நேர் கோடாகப் பல் பட்ட தடம் இருக்கும். வட்ட ரம்பத்தில் அறுத்ததில் அந்தத் தடம் வளைந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் நியூ இங்கிலாந்தில் எந்தப் பழைய வீட்டுப் பரணில் ஏறினாலும் அந்தப் பலகை எந்த மாதிரி மில்லில் அறுத்தது என்று குழந்தையே சொல்லிவிடுவான்.

மில்லுக்கு முந்தைய கட்டமும் அங்கே இருக்கிறது, அறுவைக் குழி. கட்டையைக் குழியின் மேல் கிடத்தி, ஒருவர் மேலே நின்றுகொண்டும் ஒருவர் குழிக்குள் நின்றுகொண்டும் நீள ரம்பத்தை இழுப்பார்கள். கீழே நிற்பவர் தலையிலும் கண்ணிலும் மரத்தூள்தான். உங்கள் மாமியாருக்கு இதை விளக்கவே தேவையிருக்காது என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பக்கமும் மில் வருவதற்கு முன்பு இதே மாதிரி மேல் ஆள் கீழ் ஆள் வைத்துத்தான் அறுத்தார்கள், என் தாத்தா காலத்து ஆட்கள் அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன்.

கொல்லர் பட்டறையில் துருத்தி ஊதி இரும்பு காய்ச்சி அடிப்பார்கள். அங்கே 'பீவி' என்ற கருவியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீளமான மரக்கைப்பிடி, நுனியில் கூர் இரும்பு, பக்கத்தில் தொங்கும் ஒரு கொக்கி. ஆற்றில் சிக்கிக் கிடக்கும் கட்டையைப் புரட்ட அதுதான் ஆயுதம். அதற்கு முன்பு இருந்த கருவியில் கொக்கி எந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும், வழுக்கினால் ஆள் ஆற்றுக்குள். ஜோசப் பீவி என்ற கொல்லர் 1850களின் கடைசியில் அந்தக் கொக்கியை ஒரே பக்கமாக மட்டும் அசையும்படி செய்தார். அவர் இருந்த ஸ்டில்வாட்டர் இந்த மியூசியத்துக்கு ஆற்றின் அந்தப் பக்கம்தான். இன்றைக்கும் கடையில் அதே பெயரில் விற்கிறது.

உங்கள் மகனுக்கு ரொம்பப் பிடிக்கப்போவது லொம்பார்ட் நீராவி வண்டி. 1790களோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, நூறு வருடம் பிந்தியது, ஆனாலும் அங்கே இருக்கிறது. வாட்டர்வில்லைச் சேர்ந்த ஆல்வின் லொம்பார்ட் 1901ல் காப்புரிமை வாங்கினார். பனியில் கட்டைகளை இழுக்கக் குதிரை போதவில்லை என்பதால், ரயில் எஞ்சினைத் தண்டவாளம் இல்லாமல் ஓடவைக்க வழி தேடி, பின்னால் சங்கிலிப் பட்டையும் முன்னால் சறுக்குக் கட்டையும் வைத்துச் செய்த வண்டி. புல்டோசர், டாங்கி எல்லாம் ஓடுகிற அந்தப் பட்டை அவற்றுக்கு முன்பே நன்றாக வேலை செய்து காட்டியது இதில்தான். வேகம் மணிக்கு 5 மைல் கூட வராது. முன்னால் ஒரு ஆள் திறந்த வெளியில் உட்கார்ந்து இரும்புச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும், பிரேக் கிடையாது, பின்னால் மலை மாதிரி கட்டை ஏற்றிய சறுக்கு வண்டிகள் வரிசையாக. இறக்கத்தில் அந்த ஆளின் நிலையை நினைத்துப் பாருங்கள், அதுவும் மெய்ன் ஜனவரியில். மெய்ன் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் சேர்ந்து ஒரு வண்டியை மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். எல்லா நாளும் நீராவி ஏற்ற மாட்டார்கள், அதையும் தளத்தில் பாருங்கள். ஓடும் நாளில் பக்கத்தில் நின்றால் விறகுப் புகையும் சூடான எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும், வீட்டுக்கு வந்த பிறகும் சட்டையில் இருக்கும்.

வேலை செய்து காட்டுபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மரமில்லிலோ காகித ஆலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். பாடம் ஒப்பிப்பது மாதிரி பேச மாட்டார்கள், நாம் கேட்டால்தான் பேசுவார்கள், ஆனால் கேட்டுவிட்டால் கோடாலிக் காம்பை எந்த மரத்தில் செய்வது, ஏன் அதில் செய்வது என்று அரை மணி நேரம் சொல்வார்கள். குழந்தைகளைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

லோவெல் ரம்யா

ஒரு சின்ன எச்சரிக்கை. நாங்கள் விசேஷ நாள் பார்க்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டோம். மில் நின்றிருந்தது, பட்டறை பூட்டியிருந்தது. கூரை போட்டு மூடிய மரப்பாலத்தில் குழந்தைகள் ஓடினார்கள், ஓடைக்கரையில் உட்கார்ந்து கட்டிச் சோறு சாப்பிட்டோம், இடம் என்னவோ அழகுதான், ஆனால் இதற்காக பாங்கரைத் தாண்டிப் போக வேண்டுமா என்றால் வேண்டாம் என்பேன். செந்தில் சொல்வதை அப்படியே கேளுங்கள், நாள் பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வெஸ்ட்ஃபோர்டு கதிர்

நான் வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும்.

இந்தக் குடியிருப்பை எல்லோரும் காலனியக் கால ஊர் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் 1790கள் என்றால் அமெரிக்கா விடுதலை வாங்கியாகிவிட்டது. மெய்ன் அப்போது தனி மாநிலம் இல்லை, 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. வாழ்க்கை முறை, கருவி, வீடு எல்லாம் காலனியக் காலத்தது போலவே தொடர்ந்தது என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான காலனியக் கால மரக் கதை அதற்கு நூறு வருடம் முன்பு தொடங்குகிறது. பிரிட்டிஷ் கடற்படைக்குப் பாய்மரம் வேண்டும், இங்கிலாந்தில் அவ்வளவு உயரமான மரம் இல்லை, நியூ இங்கிலாந்தில் வெள்ளைப் பைன் நேராக வளர்ந்து நின்றது. 1691 மாசசூசெட்ஸ் சாசனத்தில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் 24 அங்குலமோ அதற்கு மேலோ குறுக்களவு உள்ள பைன் எல்லாம், தனியார் நிலத்தில் நிற்பதைத் தவிர, அரசருக்கே என்று எழுதிவிட்டார்கள். வெட்டினால் மரத்துக்கு 100 பவுண்டு அபராதம். கோடாலியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி போடுவார்கள், அந்தக் குறி இருந்தால் தொடக் கூடாது. பின்னால் வந்த சட்டங்கள் இன்னும் இறுக்கின, நியூ ஹாம்ப்ஷயரில் 12 அங்குல மரம் வரைக்கும் வந்தது.

மலர், நீங்கள் நாஷுவா என்பதால் சொல்கிறேன், உங்களுக்குப் பக்கத்திலேயே வேர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1772 ஏப்ரலில் அங்கே மில்காரர்கள் அபராதம் கட்ட மறுத்து, கைது செய்ய வந்த ஷெரிஃபைத் தங்கியிருந்த விடுதியில் விடியற்காலையில் புகுந்து பிரம்பால் விளாசி அனுப்பினார்கள். பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது அதற்கு அடுத்த வருடம்தான். தேயிலைக் கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, பைன் மரக் கதை உள்ளூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் தேயிலை வரியைவிட இது சாதாரண உழைப்பாளியின் கையை நேரடியாகக் கட்டியது.

அதே கடற்படைதான் அப்புறம் நம் பக்கம் வந்தது. அமெரிக்கா கைவிட்டுப் போனது, இங்கிலாந்தில் ஓக் குறைந்தது, மலபார்த் தேக்கின் மேல் கண் விழுந்தது. 1806ல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபாருக்குக் காட்டுப் பாதுகாவலராக நியமித்தார்கள், தேக்கு அரசுச் சொத்து என்றார்கள், சொந்த நிலத்தில் நின்ற மரத்தைக்கூட மக்கள் வெட்ட முடியவில்லை. எதிர்ப்பு அதிகமாகி 1823ல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். ஆனைமலையில் டாப்ஸ்லிப் போயிருப்பீர்கள், மலை மேலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால்தான் அந்தப் பெயர். மாமியார் பொள்ளாச்சிப் பக்கம் என்றால் அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். அந்த ஆற்றங்கரை யாரும் இல்லாத காடாக இருக்கவில்லை. பெனாப்ஸ்காட் மக்களின் ஆறு அது, ஆற்றின் பெயரே அவர்கள்தான். 1796 ஒப்பந்தத்தில் ஆற்றின் இரு கரையிலும் பெரிய நிலப்பரப்பை மாசசூசெட்ஸ் வாங்கிக்கொண்டது, அந்த நேரத்தில்தான் இந்த மாதிரி மில் குடியிருப்புகள் முளைக்கின்றன. நில வழக்கு 1980 வரைக்கும் இழுத்தது. அவர்கள் மரத்தொழிலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களும் இல்லை, வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது கட்டைகளைக் கீழே ஓட்டும் வேலையில் படகோட்டிகளாக அவர்களுக்கு மிகப் பெரிய பெயர் இருந்தது. ஜோசப் அட்டியன் என்று அவர்களுடைய தலைவர் ஒருவர் 1870ல் அந்த வேலையில்தான் ஆற்றில் இறந்தார். மியூசியத்தில் 'பட்டோ' என்ற, இரண்டு பக்கமும் கூர்மையான தட்டையான நீளப் படகைக் காட்டுவார்கள். அதைப் பார்க்கும்போது இவர்களையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஓல்ட் டவுன் பாலம் தாண்டினால் இந்தியன் ஐலண்ட், அங்கே பெனாப்ஸ்காட் மக்களே நடத்தும் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.

நாஷுவா மலர்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தளத்தில் பார்த்துவிட்டேன், எங்கள் தேதியோடு பொருந்துகிறது, அதனால் போவது உறுதி. இந்தியன் ஐலண்டுக்கு நாளைக்குப் போன் செய்து கேட்கிறேன். கதிர் அண்ணா, மாமியாருக்கு உடுமலைப்பேட்டை. டாப்ஸ்லிப் பற்றிப் படித்துக் காட்டினேன், அவருடைய சித்தப்பா அங்கே மர டிப்போவில் கணக்கெழுதினாராம், இத்தனை வருடத்தில் எனக்கே இது தெரியாது. இப்போது மகனைவிட அவர்தான் போகலாம் என்று அவசரப்படுத்துகிறார்.

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே? குழியில் புதைத்து வேகவைக்கும் பீன்ஸ் என்று தளத்தில் போட்டிருக்கிறது, சைவமா? நடக்கும் தூரமும் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஓரோனோ ஆய்வு மாணவி

அக்கா, பீன்ஸ் சைவம் இல்லை, அதைச் சாப்பிட வேண்டாம். எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க மட்டும் கட்டாயம் போங்கள். தரையில் குழி வெட்டிச் சுற்றிலும் கல் பதித்து, கெட்டி விறகைப் பல மணி நேரம் எரித்துக் கங்காக்கி, பெரிய இரும்புப் பானையை மூடி போட்டு அதற்குள் இறக்கி, மேலே கங்கும் மண்ணும் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். பானைக்குள் காய்ந்த பீன்ஸ், வெங்காயம், கடுகுத்தூள், கரும்புப் பாகு, கூடவே உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு. மரவெட்டிகள் விடிவதற்கு முன் எழுந்து நாள் முழுக்கக் கோடாலி பிடித்தவர்கள், அவர்களுக்கு அந்தக் கொழுப்பு இல்லாமல் முடியாது. காலையில் மண்ணை விலக்கிப் பானையைத் தூக்கும் நேரத்துக்குப் போனால் அந்த ஆவியும் வாசனையும் நன்றாக இருக்கும். பக்கத்தில் நெருப்புக்கு முன்னால் தகரத்தை வளைத்து வைத்த அடுப்பில் பிஸ்கட் சுடுவார்கள், அதில் என்ன கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது. உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது.

நடை பற்றி: கார் நிறுத்தும் இடத்திலிருந்து மூடிய பாலம் தாண்டி குடியிருப்புக்குள் போவது பெரிய தூரம் இல்லை, ஆனால் சரளையும் மண்ணும் வேரும் கலந்த பாதை, கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு. மாமியாருக்குச் செருப்பு வேண்டாம், பிடிமானமான ஷூ போடுங்கள், ஒரு மடக்கு நாற்காலி கொண்டு போனால் மில் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து பார்க்கலாம். குதிரை வண்டி ஓடும் நாள் என்றால் அதில் ஏறிக்கொள்ளலாம். புல்லில் உண்ணி இருக்கும், அக்டோபரிலும் இருக்கும். குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டு, சாயங்காலம் காது மடல், கழுத்து, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

நான் இங்கே மீன் பற்றித்தான் படிக்கிறேன், அதனால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மில் சக்கரம் சுற்ற ஓடையை மறித்தார்கள் இல்லையா, அந்த மாதிரி அணைகள் பெனாப்ஸ்காட் ஆறு முழுக்க எழுந்து, கடலிலிருந்து முட்டையிட மேலே வரும் ஏல்வைஃப் மீன்களுக்கு வழியே இல்லாமல் போனது. மத்தியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளியாக மின்னும் மீன். ஆற்றில் கிரேட் வொர்க்ஸ் அணையை 2012லும் வீஸி அணையை 2013லும் இடித்தார்கள். மியூசியத்துக்குள்ளேயே ஓடையில் கற்களை அடுக்கிப் படிப்படியாக மீன் ஏறும் பாதை கட்டியிருக்கிறார்கள், இப்போது மே, ஜூன் மாதங்களில் கூட்டம் கூட்டமாக ஏறி மேலே உள்ள ஏரிக்குப் போகின்றன. அக்டோபரில் ஏறும் மீன் இருக்காது, ஆனால் அந்தப் படிகளை நின்று பாருங்கள். மில்லைக் காட்டும் இடத்திலேயே மில் செய்த கெடுதலைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள், எனக்கு அந்த மியூசியத்தின் மேல் மரியாதை வந்தது அதனால்தான். குழந்தைகளுக்குப் பிடித்துப்போனால் மே கடைசியில் ஒரு நாள் மறுபடி கூட்டி வாருங்கள், கறுப்பு ஈ கடிக்கும் காலம் அது, தலைக்கு வலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பாங்கர் செந்தில்

தங்கை சொன்னது சரி, மீன் ஏறும்போது மேலே கழுகும் வரும். மலர் அக்கா, காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பீன்ஸ் பானை தூக்குவதையும் பார்க்கலாம், கூட்டமும் இருக்காது. மதியத்துக்குள் முடித்துவிட்டால் இந்தியன் ஐலண்ட் கால் மணி நேரம்தான், அங்கிருந்து பார் ஹார்பருக்கு ஒன்றரை மணி நேரம், இருட்டுவதற்குள் சேர்ந்துவிடலாம். பாங்கரில் நிற்க நேரம் இருந்தால் மெயின் ஸ்ட்ரீட்டில் கோடாலியும் பீவியும் பிடித்த பால் பன்யன் (கதைகளில் வரும் ராட்சத மரவெட்டி) சிலை இருக்கிறது, 31 அடி உயரம், 1959ல் வைத்தது. பட்டறையில் பீவியைப் பார்த்துவிட்டு வந்தால் அவன் கையில் என்ன இருக்கிறது என்று மகன் உங்களுக்குச் சொல்வான்.